கொம்பையாவின் கணிப்பு

முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், அவசரப்பட வேண்டாம். இந்த வழக்கில் அவசரப்பட்டவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

கரிசல் காட்டில், தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை கிடக்கும் ஓர் ஊர். அங்கே கொம்பையா என்பவர் இருபத்தாறு வருடம் விசில் ஊதிய நடுவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் பெண்கள் லீக்கில் ஓர் ஆட்டத்தைக்கூட விடமாட்டார். ஆட்டத்தின் மேல் எவ்வளவு மரியாதையோ, அதை நடத்துகிற வட்டார ஹாக்கிக் கழகத்தின் மேல் அவ்வளவு இளக்காரம். மாலை போட்டுக்கொள்ளவும் மைக் பிடிக்கவும் மட்டுமே மைதானத்துக்கு வருகிற கூட்டம் என்பார். பந்து கோலுக்குள் போனதா வெளியே போனதா என்று பக்கத்து ஆளைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள் என்பார். அதில் பொய்யும் இல்லை.

அந்த வருடம் கழகம் ஒரு புதுமை செய்தது. ஆண்டின் சிறந்த வீராங்கனை யார் என்று தேர்வுக்குழு அறிவிக்குமுன்பே சரியாகச் சொல்பவருக்கு ‘சிறந்த கணிப்பாளர்’ கேடயமாம். விருது கொடுத்துக் கெடுத்தது போதாதென்று, விருதைக் கணித்தவனுக்கும் ஒரு விருது! கேள்விப்பட்டதும் கொம்பையா சிரித்த சிரிப்பில் குடித்த டீ புரையேறிவிட்டது.

கணிக்க மூன்று பேரைக் கழகமே அழைத்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஞானதிரவியம் ஒருவர். அவர் அந்த வருடம் பார்த்தது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் தலைமை விருந்தினராக. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையான சுப்புத்தாய் இன்னொருவர். மூன்றாமவர் கொம்பையா.

இரண்டு பெயர்கள்தான் பேச்சில் அடிபட்டன. ஒருத்தி கோல்கீப்பர் முப்பிடாதி. பகலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை, சாயங்காலம் மைதானம். பதினாலு ஆட்டத்தில் அவளைத் தாண்டிப் போன பந்து ஆறே ஆறு. அரையிறுதியில் விரல் வீங்கிய கையோடு இரண்டு பெனால்ட்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்தாள். மற்றவள் முன்வரிசையில் ஆடிய ஹர்ஷினி, கழகத் தலைவரின் மகள். தாசில்தார் பார்த்த அந்த ஆட்டத்தில், மட்டை பிடிக்கவே தெரியாத பள்ளிப் பிள்ளைகளுக்கு எதிராக மூன்று கோல் போட்டாள். மீதி வருடம் முழுக்க ஒன்று.

இந்த முறை விருதோடு வேறொன்றும் இருந்தது. விருது வாங்குகிறவளுக்கு நிரந்தர வேலை தருவதாக ஊர் நூற்பாலை எழுதிக் கொடுத்திருந்தது.

கழகச் செயலாளர் பாண்டுரங்கன் சீட்டுகளை நீட்டினார். ‘இவ்வாண்டு விருது பெறத் தகுதியானவர் யார்?’ என்று அச்சடித்திருந்தது. கொம்பையா ‘தகுதி’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“இது எதுக்குய்யா இங்க?”

“சும்மா எழுதுங்க அண்ணாச்சி.”

“யாருக்குத் தகுதின்னு எழுதவா, யாருக்குக் குடுப்பீங்கன்னு எழுதவா?”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“உங்க கழகத்துல என்னைக்குய்யா ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு!”

ஹர்ஷினி என்று எழுதி, பேனாவை மேசையில் எறிந்தார். கேடயத்தை வாங்கிக்கொண்டு, “தலைவர் மக யாருன்னு தெரிஞ்சாப் போதும், இதைக் கணிக்க மூளை எதுக்கு?” என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு இறங்குவது அவருடைய திட்டம். தாசில்தார் தன் கண்ணால் கண்டதை நம்பி ஹர்ஷினி என்று எழுதினார். சுப்புத்தாய், முப்பிடாதி என்று எழுதினாள்.

வெளியே வந்ததும், “கேடயம் போச்சே டீச்சர்,” என்று கேலி செய்தார் கொம்பையா.

“தகுதி யாருக்குன்னுதான சார் கேட்டிருக்கு,” என்றாள் அவள்.

விழா நாளில் பாண்டுரங்கன் மைக்கைப் பிடித்தார். “தேர்வுக்குழு கூடுவதற்கு நேரம் அமையவில்லை. ஆகவே நமது மூன்று நிபுணர்களின் கணிப்பையே வாக்குகளாக எடுத்துக்கொண்டோம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், செல்வி ஹர்ஷினி!”

கொம்பையா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேடைக்குப் பின்னால் ஓடி, பாண்டுரங்கனின் சட்டையைப் பிடித்தார்.

“முன்னமே ஏம்யா சொல்லல?”

“சொன்னா ஆளாளுக்குச் சிபாரிசுக்கு வந்து உங்களப் பிச்சுப் புடுங்கிருவாங்க அண்ணாச்சி. யாருக்குக் குடுத்தாலும் எனக்குப் பொல்லாப்பு. முப்பிடாதின்னு வந்திருந்தா அவளுக்கே குடுத்திருப்பேன். தலைவர் கேட்டா, நிபுணருங்க சொன்னாங்கன்னு கையக் காட்டியிருப்பேன். எனக்கு என்ன வந்துச்சு?”

ஹர்ஷினி மறுவாரம் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறவள். வேலைக் கடிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். விருது வாங்கியவளைத் தவிர வேறு யாருக்கும் அந்த வேலை கிடையாது என்று ஆலைக்காரர் சொல்லிவிட்டார்.

கணிப்பாளர் கேடயத்தைத் தாசில்தாருக்கும் கொம்பையாவுக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். கொம்பையா மைக்கைத் தொடவே இல்லை. இறங்கி வரும்போது முப்பிடாதி எதிரே நின்றாள்.

“எல்லா மேட்சும் பாத்தீங்களே சார். கேடயத்தத் தப்பா உங்களுக்குக் குடுத்துட்டாங்கல்ல? நீங்க எம்பேரத்தான எழுதுனீங்க?”

அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

தாசில்தார், பாண்டுரங்கன், கொம்பையா. முப்பிடாதியின் வேலையைப் பறித்தது இந்த மூவரில் யார்?

விடை: தாசில்தார் அரைகுறை; ஆனால் நம்பியதை எழுதினார். பாண்டுரங்கன் கோழை, எந்தப் பெயர் வந்திருந்தாலும் வாசித்திருப்பார். முப்பிடாதிதான் என்று ஐயமில்லாமல் தெரிந்திருந்தும் வேறு பெயர் எழுதியவர் கொம்பையா ஒருவரே. கழகத்தைக் கேவலப்படுத்தும் ஆசையில், கழகம் செய்யும் என்று தான் நினைத்த கேவலத்தைத் தன் கையால் செய்தார். பறித்தது அவர்தான். அது அவருக்கே தெரிந்திருந்தது. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் காத்திருந்து, தகுதி அவளுக்குத்தான் என்று தெரிந்தே ஹர்ஷினி பெயரை எழுதியதை அவளிடம் ஒப்புக்கொண்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நீங்களும் அவங்க ஆளுதானா சார்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.