ஏழாம் படிக் கல்

தேன்கல் மலைக்கு நானூறு படி. உச்சியில் பல்லக்கைவிட்டு இறங்கிய ஜமீன்தார் மருதப்பர், கல்தச்சன் கூத்தனைக் கூப்பிட்டார்.

"நான் மலையேறிய சாதனையைக் கல்லில் வெட்டு. பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் உளியைப் பிடுங்கிவிடுவேன்."

கூத்தன் தலையைச் சொறிந்தான். "சாதனைன்னா என்னங்க எசமான்?"

கூட வந்த புலவர் முந்திக்கொண்டார். "வடமொழிச் சொல்லப்பா. பாடுபட்டு முடித்த காரியம்."

"சரிங்க. கல்வெட்டுன்னா அதோட கடைசி வரியில, பார்த்தவங்க சாட்சி இருக்கணுமே. எசமான் பாடுபட்டதை யார் பார்த்தாங்க?"

ஜமீன்தார் பல்லக்குத் தூக்கிகளைக் காட்டினார். எட்டுப் பேருக்கும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தோங்க," என்றார் மூத்தவர். "எசமான் வழியெல்லாம் நல்லாத் தூங்கினாரு."

கூத்தன் உளியை எடுத்தான். "இதை அப்படியே வெட்டிரட்டுங்களா?"

புலவர் வானத்தைப் பார்த்தார். ஜமீன்தார் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை, தொந்தி குலுங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறினார். ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கேயே வெட்டுடா," என்றார்.

கல் இன்றும் அங்கே இருக்கிறது. "மருதப்பர் சாதனை: ஏழு படி, நடந்தே." அதன் கீழே, யாரும் கேட்காமலே சாட்சிக்கு வந்த எட்டுப் பேரின் பெயர்கள்.