பாதிக் கூடு

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆண் தூக்கணாங்குருவி தன் கூட்டை ஒரே மூச்சில் கட்டி முடித்துவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காது.

அப்படித்தான் மஞ்சத்தலையன் என்ற குருவி, கிணற்றின் மேல் சாய்ந்திருந்த பனை ஓலையில் பத்து நாள் பாடுபட்டு ஒரு கூடு கட்டியது. எல்லாம் காய்ந்த வைக்கோல். வெயில் பட்டால் தங்கம் மாதிரி மின்னும்.

மழைக்கு முன் முட்டையிட இடம் தேடி ஒரு பெண் குருவி வந்தது. கூட்டைப் பார்த்தது. கீழே கிணற்றையும் பார்த்தது.

“அழகாத்தான் இருக்கு. அறுந்தா என் முட்டை எங்க போகும்?”

“அது ஏன் அறுந்துபோகுது? ஊரே நின்னு பார்த்துட்டுப் போகுது.”

“ஊரா இதுல முட்டை போடப்போகுது?”

“சந்தேகம்னா இழுத்துப் பாரு தாயி.”

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் பெண் குருவி ஒரு வைக்கோலைக் கவ்வி, உடம்பு பாரம் முழுவதும் போட்டுத் தொங்கிவிட்டது. காய்ந்த முடிச்சு முறிந்தது. கூடு கிணற்றில் விழுந்தது.

“யாருப்பா என் தலையில தொப்பி வெச்சது?” என்றது உள்ளே இருந்த தவளை.

“பத்து நாள் வேலை போச்சே” என்றது மஞ்சத்தலையன்.

“முட்டையோட போகாம வெறுங்கூடாப் போச்சேன்னு சந்தோஷப்படு” என்றது பெண் குருவி.

மஞ்சத்தலையன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. பிறகு கரும்புத் தோகையைப் பச்சையாகவே நாராகக் கிழித்து வந்தது. பச்சை நார் முறியாமல் வளைந்தது. காயக் காய முடிச்சு இறுகியது. பாதி கட்டியதும் அதற்கே பயம் வந்துவிட்டது.

“வந்து தொங்கிப் பாரேன். விழுந்தாலும் பாதிதான் நட்டம்.”

பெண் குருவி தொங்கியது. ஒரு முடிச்சும் விடவில்லை. ஆனால் காற்றில் கூடு ஆடியது.

“கூடு கட்டச் சொன்னா ஊஞ்சல் கட்டியிருக்கே. முட்டை உருளாதா?”

மஞ்சத்தலையன் முணுமுணுத்துக்கொண்டே போய் ஈரக் களிமண் கொண்டுவந்து உள்பக்கம் அப்பியது. பாரம் ஏறியதும் ஆட்டம் அடங்கியது. பெண் குருவி இன்னொரு குறை தேடிப் பார்த்தது. அகப்படவில்லை.

“சரி, மிச்சத்தைக் கட்டு. வானம் கறுக்குது.”

மழை வந்தபோது முட்டைகள் மூன்றும் உள்ளே அசையாமல் கிடந்தன.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நின்று, சிறகடித்துப் பெண் குருவியைக் கூப்பிடுகிறது; பனையில் பாதியாய்த் தொங்கும் கூட்டைக் கண்டால் சோம்பேறி என்று ஏசாதீர்கள், இழுத்துப் பார்க்க அவள் இன்னும் வரவில்லை.