மைனா வாசித்த விலாசம்

ஓடைக்கரையில் குடியிருந்த பிராணிகள் எல்லாம் மழைக்குப் பயந்தன. போன ஐப்பசியில் ஒரே பகலில் ஓடை கரை தாண்டிவிட்டது. பெரியவர்கள் ஓடித் தப்பினார்கள். எத்தனையோ குட்டிகளும் குஞ்சுகளும் தண்ணீரோடு போயின. வெள்ளெலி சொக்கிக்கு மட்டும் அன்று இரண்டு குட்டிகள் போயின.

அதற்குப் பிறகுதான் அவர்கள் ஒரு மன்றம் ஆரம்பித்தார்கள். ஓடைக்கரை நற்பணி மன்றம் என்று பெயர் வைத்தார்கள்.

வாரம் ஒரு நாள், வெயில் தாழ்ந்ததும், வாகை மரத்தடியில் கூட்டம். ஆளுக்கு முடிந்ததைக் கொண்டுவருவார்கள். ஒரு கூழாங்கல், ஒரு சுமை வைக்கோல், ஒரு வாய் மண், எதுவானாலும் சரி. அதையெல்லாம் சேர்த்து உயரமாக ஒரு திட்டு எழுப்பவேண்டும். வெள்ளம் வந்தால் பிள்ளைகளை அதில் ஏற்றிவிடவேண்டும். வேலை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்பார்கள். கொட்டையைத் துப்புவதில் ஒரு போட்டியே நடக்கும்.

மன்றத்துக்குத் தலைவர் முள்ளம்பன்றி. முள்ளப்பர் என்று கூப்பிடுவார்கள். அவர் மேல் கை வைக்கப் புலிகூட இரண்டு தடவை யோசிக்கும். அதனால் பயம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. செயலாளர் ஒரு மைனா. அவன் பேசினால் ஓடைக்கு அக்கரையிலும் கேட்கும்.

கொடுத்தவர் பேரை வாசிப்பது மைனாவின் வேலை. வெறும் பேரை வாசித்தால் போதாது. ஓடைக்கரையில் காடை மட்டுமே முப்பது குடும்பம். எந்தக் காடை கொடுத்தது என்று ஊருக்குத் தெரியவேண்டாமா? அதனால் வீடு எங்கே, வீட்டில் எத்தனை பேர், கொடுத்தது என்ன, எல்லாவற்றையும் சேர்த்து மூன்று முறை வாசிப்பான்.

"நாணல் திட்டுக்கு மேற்கே, வெள்ளைக் கல்லுக்கு அடியில், ஆறு குஞ்சுகளோடு குடியிருக்கும் காடைத் தம்பதியர், பன்னிரண்டு சுமை வைக்கோல்!"

முள்ளப்பர் எழுந்து ஆவாரம்பூ மாலை போட்டார். காடைக்கு வெட்கம் தாங்கவில்லை. பெண்டாட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டது.

அடுத்த வாரம் காடைத் தம்பதி கூட்டத்துக்கு வரவில்லை.

சொக்கி போய்ப் பார்த்தாள். வெள்ளைக் கல்லுக்கு அடியில் யாரும் இல்லை. கொஞ்சம் இறகு கிடந்தது. சின்ன இறகும் கிடந்தது. அவள் திரும்பி வந்து சொன்னதும் முள்ளப்பர் தலையை ஆட்டினார்.

"காடைங்க ஒரு இடத்துல நிக்காதும்மா. வேற காட்டுக்குப் போயிருக்கும்."

"இறகை உதிர்த்துட்டா போகும்?"

"இறகு உதிர்ற மாசம்தானே இது," என்றார் அவர். சீத்தாப்பழம் தின்னப் போய்விட்டார்.

அந்த வாரம் ஒரு முயல் எட்டுக் கட்டு கோரைப்புல் கொடுத்தது. "கிழக்கு மேட்டில், காரைப் புதருக்குப் பின்னால், தனியாகக் குடியிருக்கும் முயலண்ணன்," என்று மைனா வாசித்தான். மாலை போட்டார்கள். அதற்கடுத்த வாரம் முயல் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

யாரும் சத்தமாகப் பேசவில்லை. பழம் தின்னும்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "குடுத்தவங்களைத்தான் தேடிப் போகுது," என்று அணில் மெதுவாகச் சொன்னது. "எது?" என்று ஓணான் கேட்டது. அணில் எழுந்து, வந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியாக வீட்டுக்குப் போயிற்று.

அதன் பிறகு கொடுக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். திட்டு பாதி உயரத்தில் நின்றது. ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

முள்ளப்பருக்குக் கவலை வந்துவிட்டது. அந்தக் கவலை வேறு விதமாகப் போயிற்று. "நாம குடுக்கிற மரியாதை பத்தல. மைனா, நீ இனிமே உச்சிக் கிளையில நின்னு வாசி. நல்லா விளக்கமா வாசி. அப்பத்தான் நாலு பேருக்குக் குடுக்கணும்னு தோணும்."

சொக்கிக்கு இப்போது மூன்று குட்டிகள். கண் திறந்து பத்து நாள் ஆகிறது. பாதித் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் போன வருஷத்துத் தண்ணீர் காதுக்குள் கேட்டது. கொடுக்கவும் பயம். கொடுக்காமல் இருக்கவும் பயம். கடைசியில் ஓடைக்கும் வாகை மரத்துக்கும் நாற்பது நடை நடந்து, நாற்பது கூழாங்கல் கொண்டுவந்து சேர்த்தாள்.

"மைனாத் தம்பி, ஒரு உதவி செய். என் பேரை வாசிக்காதே."

"என்னக்கா இது? நாற்பது கல்லு குடுத்துட்டுப் பேரு வேண்டாம்னா எப்படி? ஊரு என்னைத்தான் திட்டும்."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"மேடை ஏறத்தானே பயம்? நீ ஏற வேண்டாம். நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மைனா உச்சிக் கிளைக்குப் பறந்தான்.

"சாய்ந்த பனைக்குக் கிழக்கே, கரையான் புற்றை ஒட்டி, மூன்றாவது வளை! முன்வாசல் ஒன்று, ஆவாரஞ்செடி அடியில் பின்வாசல் ஒன்று என்று சீராகக் குடித்தனம் நடத்தும் சொக்கியம்மாள், மூன்று குட்டிகளின் தாய், நாற்பது கூழாங்கல்!"

மூன்று முறை. எல்லாரும் கை தட்டினார்கள். சொக்கி கழுத்தில் விழுந்த மாலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அன்று இரவு முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையிலும் ஒன்றும் நடக்கவில்லை. நடுப்பகலில், காற்றே இல்லாத நேரத்தில், வளைக்கு மேலே யாரோ மெதுவாக நடந்தார்கள்.

"சாய்ந்த பனைக்குக் கிழக்கே..."

சொக்கி மூச்சை அடக்கினாள்.

"கரையான் புற்றை ஒட்டி. ஒண்ணு. ரெண்டு. மூணு."

கடைசிக் குட்டி அவள் காதோரம் வந்தது. "அம்மா, வெளிய மைனா மாமாவா பேசுறாங்க?"

சொக்கி அதன் வாயைப் பொத்தினாள். வாசலில் வெளிச்சம் மறைந்தது. ஒரு மஞ்சள் கண் உள்ளே பார்த்தது. காட்டுப்பூனை.

"சொக்கியம்மா இருக்காங்களா?" குரல் தேன் மாதிரி இருந்தது. "பயப்படாதீங்க. நன்கொடை கேட்டுத்தான் வந்திருக்கேன். மன்றத்துக்கு நாற்பது கல்லு குடுத்தீங்களே. எனக்கு அவ்வளவு வேண்டாம். நாலு பேரு வந்தாப் போதும்."

சொக்கி குட்டிகளை வயிற்றோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு கூட்டம்கூட விட்டதில்ல. எருக்கம்புதர்ல உக்காந்து எல்லாத்தையும் கேக்கிறேன். கூட்டமா இருக்கிற இடத்துல வந்து தொந்தரவு பண்றது எனக்குப் பிடிக்காது. வீடு தேடிப் போறதுதானே மரியாதை?" பூனை சிரித்தது. "அந்தச் செயலாளர் ரொம்ப நல்ல பையன். எவ்வளவு தெளிவா வழி சொல்றான்!"

சொக்கி குட்டிகளைப் பின்வாசல் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"பின்னால போகாதீங்க. ஆவாரஞ்செடி அடியில பெரிய பனம்பழம் ஒண்ணை உருட்டி வெச்சுட்டுத்தான் வந்தேன்," என்றது பூனை. அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைத் தோண்ட ஆரம்பித்தது.

பறட், பறட் என்று மண் உள்ளே சிதறியது. சொக்கி குட்டிகளை ஒன்றன் வாலை ஒன்று கவ்வச் சொன்னாள். பின்வாசலுக்கு ஓடினாள். பனம்பழம் ஓட்டையை இறுக்க அடைத்திருந்தது. தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்குக் கீழே முன்காலால் தோண்டினாள். பூனை தோண்டும் சத்தத்தில் அவள் தோண்டும் சத்தம் கேட்கவில்லை. அது நிறுத்தினால் இவளும் நிறுத்தினாள். அது தொடங்கினால் இவளும் தொடங்கினாள். இப்படியே எவ்வளவு நேரம் போனதென்று அவளுக்குத் தெரியாது.

ஒரு விரல் அகலம் வெளிச்சம் வந்தது. முதல் குட்டியைத் தள்ளினாள். இரண்டாவதைத் தள்ளினாள். மூன்றாவது போகும்போது பனம்பழம் லேசாக ஆடி உருண்டது.

பூனை கேட்டுவிட்டது.

சொக்கி வெளியே வந்து முட்புதருக்குள் பாய்ந்தாள். குட்டிகள் உள்ளே போய்விட்டன. அவளும் போய்விட்டாள். அவள் வால் மட்டும் போகவில்லை. வாலில் பாதி பூனையின் நகத்தில் நின்றுவிட்டது.

முட்புதருக்கு வெளியே பூனை சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து போயிற்று. குட்டிகளை அந்தப் புதரிலேயே ஆழமாகப் பதுக்கிவைத்துவிட்டு, ஐந்து நாள் சொக்கி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஆறாம் நாள் கூட்டம். பாதி வாலோடு அவள் வந்தபோது அணில் அழுதுவிட்டது. முள்ளப்பர், "என்னம்மா, முள்ளுல மாட்டிக்கிட்டியா?" என்று கேட்டார்.

சொக்கி எல்லாரையும் கிட்டே கூப்பிட்டாள். தலையோடு தலை ஒட்டும்படி உட்காரச் சொன்னாள். பிறகு கிசுகிசுப்பாக, அந்தப் பூனையின் குரலில் சொன்னாள்.

"சாய்ந்த பனைக்குக் கிழக்கே. கரையான் புற்றை ஒட்டி. ஒண்ணு. ரெண்டு. மூணு."

மைனாவின் அலகு திறந்தபடி நின்றது. அது அவன் வாசித்த விலாசம். ஒரு அடையாளம்கூட மாறவில்லை.

"எருக்கம்புதர்ல இருக்காம். இப்பவும் இருக்கும். நான் பயந்து வாயைத் திறக்கமாட்டேன்னு அதுக்கு நெனப்பு. யாரும் திரும்பிப் பாக்காதீங்க," என்றாள் சொக்கி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைகள் இன்னும் நெருங்கின.

"அக்கா, காடைங்களை நான்தான்..." மைனாவால் முடிக்க முடியவில்லை.

"அழாதே. அழுதா அதுக்குத் தெரிஞ்சுபோகும். இன்னைக்கும் மேல போய் வாசி. நான் சொல்ற விலாசத்தை வாசி." சொக்கி முள்ளப்பர் பக்கம் திரும்பினாள். "தலைவரே, உங்க வீடு எங்கன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் நன்கொடை குடுத்ததில்லையே," என்றார் முள்ளப்பர். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இன்னைக்குக் குடுங்க."

மைனா உச்சிக் கிளைக்குப் போனான். அவன் குரல் முதன்முறையாக நடுங்கியது. "வடக்குக் கரையில், இரட்டைப் பாறை இடுக்கில், பெரிய வளை! ஒரே வாசலில் பதினொரு பேரோடு குடியிருக்கும் பெருச்சாளிக் குடும்பத்தார், அறுபது கூழாங்கல்!"

மூன்று முறை வாசித்தான். காற்று இல்லை. ஆனாலும் எருக்கம்புதரில் ஒரு இலை ஆடி நின்றது.

மறுநாள் நடுப்பகலில் முள்ளப்பர் தன் வளைக்குள், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே காலடி கேட்டது.

"இரட்டைப் பாறை. பெரிய வளை. பதினொரு பேர்."

முள்ளப்பருக்குக் கால் நடுங்கியது. ஆயிரம் முள் இருந்தும் நடுங்கியது. ஒரு முள்ளும் இல்லாத காடை எப்படி நடுங்கியிருக்கும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

"வீட்டுல யாரு?" என்றது தேன் குரல். "தலைவர் முள்ளப்பர் அனுப்பினார். மாலை ஒண்ணு குடுத்துவிட்டார். கொஞ்சம் வெளிய வாங்க."

தன் பேரைக் கேட்டதும் முள்ளப்பருக்குப் புரிந்துவிட்டது. காடை ஏன் வெள்ளைக் கல்லை விட்டு வெளியே வந்தது, முயல் ஏன் ஓடித் தப்பவில்லை, எல்லாம் புரிந்துவிட்டது. அவர் பேரை நம்பித்தான் வந்திருக்கிறார்கள்.

பூனை பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே நுழைத்தது. முள்ளப்பர் முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக ஒரே தள்ளு தள்ளினார்.

அந்த அலறல் அக்கரை வரை கேட்டது. முகமெல்லாம் முள்ளோடு பூனை ஓடையைத் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு இக்கரையில் அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எருக்கம்புதர் பக்கம் தனியாகப் போக ரொம்ப நாளைக்கு யாருக்கும் கால் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் முள்ளப்பர் மாலை போடவில்லை. "கொண்டுவந்ததைத் திட்டுல போட்டுட்டு வந்து உக்காருங்க. யாரு போட்டா, எவ்வளவு போட்டான்னு யாரும் கேக்கமாட்டோம்," என்றார். அவரே வடக்குக் கரையிலிருந்து கல் சுமந்து வந்தார். பேருக்காகக் கொடுத்த இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பயந்து நின்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் பழம் தின்னும்போது மைனா உச்சிக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பான். யார் வரவில்லையோ அவர் வீட்டுக்கு அன்றைக்கே இரண்டு பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் ஓடை கரை தாண்டியது. ஓடைக்கரைப் பிள்ளைகள் எல்லாம் திட்டின் மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சொக்கியின் மூன்று குட்டிகளும் இருந்தன. கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. கல் ஒன்றுகூட நகரவில்லை. எந்தக் கல் யார் போட்டது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கொடுத்தவருக்குப் பாராட்டு முக்கியம் அல்ல, பாதுகாப்பே முக்கியம். அவர் வேண்டாம் என்று சொல்வதைக் காதில் வாங்காத மரியாதை அவருக்கே ஆபத்தாக முடியும்.