பட்டினி போட்ட குடுவை

“மூணு வருஷத்துல நீங்க எனக்கு ஒண்ணுமே தரலை மேடம்.”

சொல்லிவிட்டு சிவசைலம் கடிதத்தை மேசைமேல் வைத்தார். ஆராய்ச்சிக்கு வேறு கைடை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் கடிதம்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் இருபத்தாறு வருடம் கெமிஸ்ட்ரி நடத்திவிட்டு, லீவு போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். கைடு ஹபீபாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கழிமுகத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவர்.

எதைக் கேட்டாலும் ஹபீபா “பாருங்க சார்” என்பார். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

“இன்னும் ஆறு மாசத்துல என் பதிவு முடியுது. அதுக்குள்ள தீசிஸ் குடுக்கலேன்னா எல்லாம் போச்சு. கைடுன்னா நாலு வார்த்தை பேச வேண்டாமா? தப்புன்னாவது சொல்ல வேண்டாமா?”

ஹபீபா கடிதத்தைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

சண்டைக்குத் தயாராக வந்த மனுஷனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

“வேற ஏதாவது சார்?”

இருந்தது. மூன்று வாரமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று இருந்தது. போகிறபோது அதைக் கேட்பதா என்று ரோஷம் தடுத்தது. ஆனால் குழப்பம் ரோஷத்தைவிடப் பெரியதாக இருந்தது.

உள்ளே போய்க் கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்துவந்தார். பாதிவரை கடல் நீர். லேசான பழுப்பு நிறம். அத்தனையும் டயாட்டம்.

டயாட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. கண்ணுக்குத் தெரியாது. நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சி, தனக்குக் கண்ணாடியில் சுவர் கட்டிக்கொள்ளும். சோப்பு டப்பா மாதிரி இரண்டு பாதி, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். செல் இரண்டாகும்போது ஆளுக்கு ஒரு பழைய பாதி. மற்றப் பாதியை உள்ளுக்குள்ளேயே புதிதாகக் கட்டியாக வேண்டும். சிலிக்கா இல்லையா, சுவர் இல்லை. சுவர் இல்லையா, பெருகுவதும் இல்லை.

“இந்தத் தண்ணியில சிலிக்காவே இல்லை மேடம். என் கையால தயார் பண்ணினேன். இதே குடுவையில ஊத்தி, அவிச்சு, ஆற வெச்சேன். மூணு வாரமாப் பட்டினி போட்டிருக்கேன்.”

“ம்.”

“பெருகிக்கிட்டே இருக்கு! எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு. ஒண்ணுமே குடுக்கல. எதை வெச்சுக் கட்டுது?”

ஹபீபா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். குடுவையில் இருந்ததில் பாதியை அதில் ஊற்றினார். இரண்டையும் ஒரே விளக்கின்கீழ் வைத்தார்.

“பாருங்க சார்.”

சிவசைலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுப் போகிறபோதும் இதுதானா?

ஆனாலும் பார்த்தார். தினமும் இரண்டிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினார்.

இரண்டு நாள் இரண்டும் பெருகின. மூன்றாம் நாள் பாட்டில் தளர்ந்தது. ஐந்தாம் நாள் அப்படியே நின்றுவிட்டது. குடுவை மட்டும் தன் பாட்டுக்குப் பெருகியது.

அதே தண்ணீர். அதே வெளிச்சம். அதே பாசி. அவருக்குத் தலை சுற்றியது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினார்.

எட்டாம் நாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஹபீபாவின் அறைக்குப் போனார்.

“இதுல என்ன கலந்தீங்க?”

“ஒண்ணும் கலக்கலையே.”

“பிறகு என்னத்த மாத்தினீங்க?”

“பாத்திரத்தை.”

சிவசைலம் பாட்டிலைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார். அதன் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவினார். வழவழவென்று, நேற்று வாங்கியதுபோல இருந்தது.

கண்ணாடி எதனால் ஆனது? இருபத்தாறு வருடம் பிள்ளைகளைக் கேட்ட கேள்வி. மணல். சிலிக்கா. முகம் சூடாகிவிட்டது.

“குடுவையையா கரைச்சுச் சாப்பிட்டுச்சு?”

“ம்.”

“இத்தனை நாளா?”

“நீங்க ஊத்தின நாள்லேருந்து.”

“பார்த்தா ஒரு கீறல்கூடத் தெரியலையே மேடம். குடுத்த மாதிரியே தெரியலையே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

வெளியே கழிமுகத்தில் ஒரு படகு மோட்டாரை முடுக்கிக்கொண்டிருந்தது. சிவசைலம் குடுவையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

“மேடம், அந்தக் கடிதம்...”

“அன்னிக்கே அனுப்பிட்டேன் சார். புது கைடு நல்லவரு. நிறையப் பேசுவாரு.”