பாதி முடிந்த விமானம்

சூசைமாணிக்கம் பன்னிரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகத்தான் தூங்கினார். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் ஒரே யோசனை. வாங்கலாமா, வேண்டாமா?

பதின்மூன்றாம் நாள் காலை, அச்செடுத்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு குருவைப் பார்க்கப் போனார்.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

ரிஸ்வானா ஒரு காலத்தில் நிஜ விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். வேலை பார்த்த பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டதும் சொந்த ஊரான தூத்துக்குடிக்கே வந்து, சைக்கிள் சாமான் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து, மூன்று திரை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டியரிங் வைத்து சிமுலேட்டர் கற்றுக்கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குள் பறக்கும் விமானம்தான். ஆனால் அவளிடம் கற்றவர்கள் யாரும் அதை விளையாட்டு என்று சொல்வதில்லை.

சூசைமாணிக்கம் துறைமுகத்தில் இருபத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை சுருங்க ஆரம்பித்ததும், மருத்துவச் சோதனைக்குப் பிறகு கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு உயரம் என்பது அவருக்கு இந்த அறையில்தான் கிடைத்தது.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"புதுசா ஒரு விமானம் வந்திருக்கு. தனியா வாங்கி நம்ம சிமுலேட்டர்ல சேத்துக்கிடலாம். ரெட்டை எஞ்சின். இறக்கை தலைக்கு மேல. கீழ இருக்கிறதெல்லாம் அப்பிடியே தெரியும், கிரேன்ல இருந்து பாக்கிற மாதிரி. மலைல, சின்ன ரன்வேல இறங்குறதுக்குன்னே உள்ளது."

"நல்லது."

"ஆனா இன்னும் முடியலை. பாதிதான் செஞ்சிருக்கான். மீதி பின்னால வரும்னு போட்டிருக்கான். இப்பவே வாங்கிரவா, இல்லை முடிச்சதும் வாங்கவா?"

ரிஸ்வானா அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி மேஜையில் விரித்தாள். ஒரு பேனாவைத் திறந்தாள்.

"என்னென்ன இருக்குன்னு வாசிங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"ஆட்டோபைலட். பின்னால வரும்."

அவள் அந்த வரியை அடித்தாள்.

"ரன்வேக்கு வழிகாட்டுற கருவி. விரைவில் வரும்."

அடித்தாள்.

"டீச்சர், அது நிச்சயமா வருமாம். அவனே எழுதியிருக்கான்."

"வாசிங்க அண்ணாச்சி."

பெட்ரோல் அளவு காட்டும் முள், படமாக மட்டும் இருக்கிறது, ஓடாது, வரும். மழைக்கு வைப்பர், வரும். வலது பக்கப் பைலட்டின் பலகை, வரும். பயணிகள் இருக்கை, கதவு, இரவு விளக்கு, எல்லாம் வரும். அவர் வாசிக்க வாசிக்கப் பேனா ஓடியது. நான்கு பக்கத் தாளில் கடைசியில் மிஞ்சியது மூன்று வரி.

பறக்கும். திரும்பும். சக்கரம் இறங்கும்.

"இவ்வளவுதான் அவங்க விக்கிறாங்க" என்றாள் ரிஸ்வானா. "இது வேணுமா உங்களுக்கு?"

சூசைமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு நாளாக அவர் நிறுத்துப் பார்த்ததெல்லாம் அடித்த வரிகளைத்தான். மிஞ்சிய மூன்றைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

"தெரியலை டீச்சர்."

"அப்போ உக்காருங்க. பாடத்துக்காக அதை நான் வாங்கி வச்சிருக்கேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் வாகைக்குளம் விமான நிலையத்தின் ரன்வே வெயிலில் நீண்டு கிடந்தது. எஞ்சின் சத்தம் வேறு விமானத்திலிருந்து எடுத்த இரவல் சத்தம் என்று காதுக்கே தெரிந்தது. முன்னால் இருந்த பலகையில் பாதி வட்டங்கள் வெறும் ஓவியம்.

ஏறினார். ஏறியது நன்றாகத்தான் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி இறங்க வந்தபோது பழக்கத்தில் கண் பலகைக்குப் போனது. வழிகாட்டும் முள்ளைத் தேடினார். அது அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்ததைத் தேடினார். அதுவும் அசையவில்லை. நிமிர்ந்தபோது பருத்திக் காடு முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

திரை நின்றது.

"எங்க பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"முள்ளை."

"முள்ளு ஓடலையே."

"அதைத்தான சொல்லுதேன். அதான் குறை."

"வெளிய பாத்து இறக்கலாமே."

அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கண்ணை நம்ப முடியாதுன்னு சொல்லித்தான் என்னைக் கீழ இறக்குனாங்க டீச்சர். அன்னையில இருந்து நான் எதையும் கண்ணால அளக்கிறதில்லை. ரோடு கடக்கக்கூட என் வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிடுதேன். இங்கயும் எல்லாத்தையும் ஆட்டோபைலட்கிட்ட குடுத்துருவேன். அது கையில குடுக்கிற இடம் வந்தா, காத்து சரியில்லைன்னு சொல்லித் திரும்பிருவேன்."

ரிஸ்வானாவுக்கு அது தெரியும். அவர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தேன்கரட்டுக்குப் பறப்பார்கள். தேன்கரடு நிஜத்தில் எங்கும் இல்லை. அவர்களில் ஒருவர் தானே வரைந்து சிமுலேட்டரில் சேர்த்த மலை ரன்வே அது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. போன இரண்டு வருஷமும் சூசைமாணிக்கம் மலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். அடுத்த பயணம் வருகிற ஞாயிறு.

"உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியலை அண்ணாச்சி?"

"ஓரம். ரெண்டு ஓரமும்."

"நடுவுல?"

"நடுவுல நல்லாத் தெரியுது. சொட்டு மருந்து போடுதேன். இப்போதைக்கு இது நிக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"ரன்வே எங்க இருக்கும்?"

அவர் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார்.

"நடுவுல" என்றார் மெதுவாக.

அவள் விமானத்தை மறுபடி ரன்வேயில் கொண்டுவந்து வைத்தாள். கீழே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

இந்த முறை அவர் பலகையைப் பார்க்கவில்லை. பார்த்துப் பயனும் இல்லை. கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். பக்கக் காற்று விமானத்தைத் தள்ளியபோது, கை தானாக ஒரு வேலை செய்தது. கிரேனில் இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டி ஆடும்போது எதிர்த்து இழுக்கக் கூடாது. ஆடுகிற பக்கமே கூடப் போய், ஆட்டம் ஓய்கிற நொடியில் அதற்கு நேர் மேலே நின்றுவிட வேண்டும். எத்தனை ஆயிரம் பெட்டி! காற்றோடு கூடப் போனார். ஓய்ந்த நொடியில் ஒரு சின்னப் பிடி பிடித்தார். விமானம் நேரானது.

இறங்கியது அழகாக இல்லை. இரண்டு முறை குதித்தது. ஆனால் ரன்வேயில்தான் குதித்தது.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார். தேங்க்ஸ் சொல்லக்கூட மறந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த விமானத்தை வாங்கினார். அவருடைய மனைவி எஸ்கலின் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், உள்ளறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன, தனியாச் சிரிக்கீங்க?"

"கதவே இல்லாத பிளேன் ஒண்ணு வாங்கியிருக்கேன் எஸ்கலின்."

"கதவு இல்லாம எப்பிடி ஏறுவீங்க?"

"ஏறியாச்சே!" என்றார்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளில் தேன்கரட்டில் இருபத்திரண்டு முறை பாறையில் மோதினார், பள்ளத்தாக்கில் விழுந்தார், ஒருமுறை ரன்வேயைத் தாண்டி ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் போனார். ஒவ்வொரு முறையும் ஏன் விழுந்தோம் என்று தெரிந்தது. அது அவருக்குப் புதிதாக இருந்தது. முன்பெல்லாம் விழுவதே இல்லை. திரும்பிவிடுவார்.

ஞாயிறு காலை ரிஸ்வானாவின் அறையிலிருந்து புறப்பட்டார். ஹெட்போனில், அவரவர் இடத்திலிருந்து பறக்கும் மற்ற எட்டுப் பேரின் குரல். கோவில்பட்டியில் மருந்துக் கடை வைத்திருக்கும் பால்வண்ணன்தான் பயணத்தை நடத்துபவர்.

"அண்ணாச்சி, இது என்ன விமானம்? அந்தப் பாதி முடிஞ்சதா?"

"அதேதான்."

"அதுல வைப்பர் கூட ஓடாதே! இன்னைக்கு மலைல மழை வச்சிருக்கோம்."

"பாக்கலாம்" என்றார் சூசைமாணிக்கம்.

மலையை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. முதலில் போனவர் இறங்கினார். இரண்டாமவரும் மூன்றாமவரும் திரும்பினார்கள். பால்வண்ணன் இறங்கினார். அதற்குப் பின் ஒருவர் பாறையில் மோதி, கெட்ட வார்த்தை சொல்லி, மன்னிப்பும் கேட்டார்.

"அண்ணாச்சி, அடுத்து நீங்க. காத்து மோசம். திரும்புறதுன்னா இப்பவே திரும்பிருங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

முன் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். ரன்வே இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறைதான் இருந்தது. அவர் கை விமானத்தைத் திருப்பத் தயாரானது. பின்னால் ரிஸ்வானா அசையவில்லை. ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

காற்று தள்ளியது. அவர் கூடப் போனார். விமானத்தின் மூக்கு காற்றுப் பக்கம் வலப்புறமாகத் திரும்பி, உடம்பு சாய்வாக நகர்ந்தது. அப்போது எதற்கோ தலையை இடப்பக்கத் திரைக்குத் திருப்பினார்.

அங்கே மழை இல்லை.

பக்கக் கண்ணாடியில் மழைத்துளி வரைகிற வேலையை அந்த விமானத்தைச் செய்த ஆள் இன்னும் தொடங்கவே இல்லை. கண்ணாடி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அதன் வழியே, சாய்வாக வரும் விமானம் நகர்கிற திசையில், தேன்கரடு ரன்வே முழுசாகத் தெரிந்தது. பாறை, பள்ளத்தாக்கு, ஓரத்து வெள்ளைக் கல், எல்லாம்.

ஓரத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையை முழுசாகத் திருப்புவது அவருக்கு இரண்டு வருஷப் பழக்கம். ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவருவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். இப்போது ரன்வே நடுவில் இருந்தது.

"டீச்சர், தெரியுது" என்றார்.

தலையை அப்படியே வைத்துக்கொண்டு சாய்வாகவே இறங்கினார். காற்று ஒரு தள்ளு தள்ளியது. விட்டார். இன்னொரு தள்ளு. கூடப் போனார். ஆட்டம் ஓய்ந்த அந்த ஒரு நொடி வந்தது. பெட்டியைக் கப்பலின் தட்டில் வைப்பதுபோல மூக்கை நேராக்கி, சக்கரத்தைத் தரையில் வைத்தார்.

குதிக்கவில்லை.

ரன்வேயின் மேட்டில் ஏறி ஏறி வேகம் குறைந்து விமானம் நின்றது.

"அண்ணாச்சி?" என்றார் பால்வண்ணன். "இருக்கீங்களா?"

"இறங்கிட்டேன்."

எட்டுக் குரலும் ஒரே நேரத்தில் கத்தின. யாரோ மேஜையில் தாளம் போட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். திரும்பிப் போன இருவரும் அவர்களில் அதிகச் சத்தமாகக் கத்தினார்கள். பால்வண்ணன் பக்கத்திலிருந்து அவர் கடைக்கு வந்த யாரோ, "என்னங்க, என்ன ஆச்சு, இருமல் மருந்து கேட்டு எவ்வளவு நேரம்?" என்று கேட்பதும், "ஒரு நிமிஷம் இருங்கம்மா, எங்க அண்ணாச்சி மலைல இறங்கிட்டாரு" என்று அவர் சொல்வதும் கேட்டது.

சூசைமாணிக்கம் ஹெட்போனைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாய் நிறையச் சிரிப்பு. எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகுதான் பன்னிரண்டு நாள் யோசித்த பழைய ஆள் அவருக்குள் கடைசியாக ஒருமுறை தலையை நீட்டினார்.

"டீச்சர், அடுத்த மாசம் ஆட்டோபைலட் வருதாம். வழிகாட்டுற கருவியும் வருதாம். எல்லாம் முடிஞ்சு வந்துட்டா, இதைவிட நல்லா இறக்கிரலாம், இல்லையா?"

ரிஸ்வானா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று திரையிலும் மலை மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"மொதல்ல நீங்க எங்க நிக்கீங்கன்னு பாருங்க அண்ணாச்சி" என்றாள்.