வல்லாரைக்குக் கால் துவட்டியவர்

“ஐயோ பாவம், காலெல்லாம் நனைஞ்சு போச்சே!”

விடிந்தும் விடியாத நேரம். வெள்ளி வெற்றிலைத் தட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த பணிப்பெண் அஞ்சுகம் நின்றுவிட்டாள். குரல் மகாராஜாவுடையது. யாரிடம் பேசுகிறார்? தூணோரமாக எட்டிப் பார்த்தாள்.

மருதங்காட்டு மன்னர் கோபண்ணராயர் ஒரு பித்தளைத் தொட்டியைச் சாய்த்து, அதிலிருந்த தண்ணீரையெல்லாம் வடித்துக்கொண்டிருந்தார். பிறகு தம் மேல்துண்டால் வல்லாரைச் செடியின் அடியை ஒற்றி ஒற்றித் துவட்டினார்.

ராயருக்கு மறதி அதிகம். போன மாதம் மகாராணியைப் பார்த்தே, “நீ எந்த ஊரம்மா?” என்று கேட்டுவிட்டார். மகாராணி மூன்று நாள் பேசவில்லை. “கண்ணெதிரே வளர்ந்த வல்லாரையில் தினமும் இரண்டு இலை” என்றார் வைத்தியர். தோட்டக்காரன் சடையன் வாய்க்கால் கரையிலிருந்து சேற்றோடு பெயர்த்து வந்து, மாடி நிழலில் வைத்தான். மாலைதோறும் மண் மூழ்கத் தண்ணீர் விட்டான். செடி காய்ந்தது. இன்னொன்று வைத்தான். அதுவும் காய்ந்தது. இது மூன்றாவது.

மறதியோடு ராயருக்குச் சளிப் பயமும் உண்டு. சித்திரை வெயிலிலும் காலில் கம்பளி சுற்றியிருப்பார்.

அன்று சபையில் கொதித்தார். “மூணாவது செடியும் வாடுது! சடையா, நாளைக்கு நீ குடும்பத்தோட நாட்டை விட்டே போயிடணும்!”

“சாமி, தண்ணி குறையாமத்தான் விடறேன். வீட்டுல மக நிறைமாசமா இருக்கா…” என்று கும்பிட்டான் சடையன்.

“விட்ட தண்ணீர் எங்கே போகும்? நீயே குடித்துவிடுகிறாயா?” என்றார் மந்திரி வேதாசலம். சடையனின் வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தர அவருக்கு ஆசை.

அஞ்சுகம் தட்டைக் கீழே வைத்தாள். “மகாராஜா, செடியைக் கொல்பவரை நாளைக்கு நான் காட்டுகிறேன். ஆனால் நாடு கடத்த வேண்டாம்.”

“ஏன்?”

“நாட்டுக்குத்தான் சிரமம். செடி கேட்டது ஈரம். அந்த ஈரத்தைப் பறித்தவர் இரண்டு நாழிகை வாய்க்கால் சேற்றில் நிற்கட்டும்.”

“ரெண்டு என்ன, நாலு நாழிகை! முழங்கால் வரைக்கும்!”

“இடுப்பு வரை, மகாராஜா” என்றார் மந்திரி.

“சரி, இடுப்பு வரை!”

மாலையில் சடையன் தண்ணீர் விட்டு இறங்கியதும், அஞ்சுகம் ஒரு கிண்ணத்தோடு மாடிக்குப் போனாள். அரைத்த மஞ்சளைத் தொட்டியின் வெளிப்புறம் முழுக்க மெல்லப் பூசினாள். பித்தளைமேல் மஞ்சள். குனிந்து பார்த்தாலும் தெரியாது.

மறுநாள் உச்சி. சபை கூடியது.

“தொட்டியில் கைவைத்தவர் யாரென்று சுண்ணாம்பு சொல்லும்” என்றாள் அஞ்சுகம். “எல்லோரும் வெற்றிலை போடுங்கள். சுண்ணாம்பை அவரவர் விரலால் தொட்டுத் தடவுங்கள்.”

சடையன் முதலில் தொட்டான். விரல் வெள்ளை. மந்திரி தொட்டார். வெள்ளை. சேனாதிபதியும் வெள்ளை. எல்லோரும் வெற்றிலையை மென்று சுவைக்க ஆரம்பித்தார்கள். ராயருக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கு இல்லையா?” என்று அவரே விரலை நீட்டிச் சுண்ணாம்பை வழித்தார்.

விரல் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது.

சபையில் மெல்லும் சத்தம் நின்றது. ராயர் விரலைப் பார்த்தார். அஞ்சுகத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

“நானா? நான் அதுக்குக் கால் துவட்டியில்ல விட்டேன்! சளி பிடிச்சிடுமேன்னு!”

“அதற்குச் சளி பிடிக்காது, மகாராஜா. கால் நனைந்திருந்தால்தான் உயிரோடு இருக்கும்.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே!”

“நாடு கடத்தினால் நாட்டுக்குச் சிரமம் என்றேனே!”

ராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. “அந்த வெள்ளித் தட்டு இனிமே உன்னுது, அஞ்சுகம். சடையா, வீட்டுக்குப் போய் மகளைப் பாரு. வாய்க்காலுக்கு நான் வர்றேன்.”

“மகாராஜா, தண்டனையெல்லாம் தங்களுக்கு எதற்கு…” என்று மந்திரி இழுத்தார்.

“இடுப்பு வரைன்னு சொன்னது நீர்தானே?”

ராயர் கம்பளியை அவிழ்த்து மந்திரியின் கையில் கொடுத்தார். செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு நடந்தார். வாய்க்காலில் இறங்கினார். சேறு முழங்காலுக்குத்தான் வந்தது. ராயர் கொஞ்சம் யோசித்தார்.

பிறகு உட்கார்ந்துவிட்டார்.