ஜீப்பில் ஏறிய நாற்காலி

குழந்தைகள் நல அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற செங்கமலத்தின் வீடு மழைக்கு ஒழுகியது. "பாதுகாப்பில்லாத வீடு! உன் மகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க நாளைக்கே உத்தரவு போடுறேன்" என்று உறுமினார் அதிகாரி வரதராஜுலு.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்து பார்த்தால், அவருடைய நாற்காலியும் பெயர்ப்பலகையும் வாசலில் நின்ற ஜீப்பில் ஏறியிருந்தன.

"என்னம்மா இதெல்லாம்?"

"உங்க ரூமும் ஒழுகுதுங்க சார். பாதுகாப்பில்லையே! அதான் பக்கத்து ஊர் ஆபீசுக்கு உங்களை அனுப்பிடலாம்னு..."

"கூரை ஒழுகினா கூரையைச் சரி பண்ணுவாங்களா, ஆளைத் துரத்துவாங்களா?"

செங்கமலம் உத்தரவுத் தாளைப் பவ்வியமாக நீட்டினாள். "இப்ப சொன்னதை அப்படியே இதுல எழுதிடுங்க சார்."

வரதராஜுலுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே அவள் வீட்டுக்குப் புது ஓடு வந்தது. மகள் அம்மாவோடுதான் இருக்கிறாள். அதிகாரியின் அறைதான் இன்னும் ஒழுகுகிறது. மழை வந்தால் செங்கமலம்தான் ஓடிப்போய் வாளி வைக்கிறாள்.